வாட்ச்சைக் கழற்றி மூன்றரை மாதம்: நாள் நகர மாட்டேன் என்கிறது, வருஷம் மட்டும் ஓடியிருக்கிறது

பழைய பல்லாவரம்
18 ஜனவரி 2026, காலை 5:12

வணக்கம். இங்கே நான் படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. போன செப்டம்பர் 30-ஆம் தேதி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். சால்வை, மாலை, பிரியாணி, நாலு பேர் நல்ல வார்த்தை எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து வாட்ச்சைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு கட்டவில்லை. மணிக்கட்டில் வெளுத்திருந்த பட்டை போன வாரம்தான் மற்ற தோலோடு சேர்ந்தது.

என் பிரச்சினை இதுதான். நாள் நகரவில்லை. குளித்து, டிபன் சாப்பிட்டு, பேப்பரை வரி விளம்பரம் வரை படித்துவிட்டு நிமிர்ந்தால் மணி 8:40. மறுபடி பால்கனிக்குப் போய் வந்தால் 8:52. ஆனால் திரும்பிப் பார்த்தால் 60 வருஷம் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. 1987-இல் வேலையில் சேர்ந்தது போன வாரம் மாதிரி இருக்கிறது. தினமும் பல்லாவரத்தில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி பாரிமுனைக்கு நடை. போக வர ஒன்றரை மணி நேரம், வருஷத்துக்கு 280 நாள், 38 வருஷம். பெருக்கிப் பார்த்தேன், ஏறக்குறைய 665 நாள் ரயிலுக்குள்ளேயே இருந்திருக்கிறேன். அதில் எனக்கு முழுசாக ஞாபகம் இருப்பது 2015 டிசம்பர் 1 மட்டும். கிண்டியோடு வண்டி நின்றுபோய், மழையில் பரங்கிமலை வரை தண்டவாளத்திலேயே நடந்தேன். மீதி நாளெல்லாம் ஒரே நாளாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

பொழுது போகாமல் பரணை ஒழித்தேன். அப்பாவின் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1963-இலிருந்து 1994 வரை ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார். டைரி இல்லை, கணக்கு. ஒவ்வொரு நாளும் முதல் வரி பால். அடுத்து காய், அப்புறம் மற்றது. "பால் 1½. கத்தரி, வாழைக்காய். குடை ரிப்பேர் 0-75." மகிழ்ச்சி, துக்கம் என்று ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் பாருங்கள், பால் வரியை மட்டும் கீழே கீழே படித்துக்கொண்டு வந்தால் வீடே தெரிகிறது. நான் பிறந்த நாளைத் தேடினேன். "பால் வேண்டாம். வேலூர் ரயில் சார்ஜ். கல்கண்டு." அவ்வளவுதான். அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார், அப்பா பார்க்கக் கிளம்பியிருக்கிறார். என் பிறப்பு எங்கள் வீட்டில் பால் வாங்காத நாள். 1978-இல் பாட்டி போன அன்று "பால் 6. காபிப்பொடி ½ கிலோ. ஐஸ் 2 பார்." அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பரண் ஏணியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு இடத்தில் கணக்கு உதைக்கிறது. ஒன்று, அக்காவுக்கு 1983 மே மாதம் கல்யாணம். வீட்டில் ஒரு ஆள் குறைந்தாயிற்று. ஆனால் ஜூலை 1-லிருந்து பால் 2 லிட்டர் 2½ ஆகியிருக்கிறது. இரண்டு, அதே வருஷம் ஜூன் மாதம் ப்ளஸ் டூ முடித்த கையோடு அப்பா எனக்கு எச்எம்டி வாட்ச் வாங்கிக் கொடுத்தார். சாவி கொடுக்கிற வாட்ச், முந்தா நாள் வரை என்று சொல்லலாம், அதைத்தான் கட்டியிருந்தேன். ஷூ லேஸ் 1-25 என்று எழுதியவர், வாட்ச்சை எங்கேயுமே எழுதவில்லை. மூன்று மாத நோட்டையும் வரி வரியாகப் பார்த்துவிட்டேன்.

உங்களுக்கும் இப்படி நாள் நீண்டு வருஷம் சுருங்குகிறதா? ஏன் இப்படி?


ஓஎம்ஆர்_கைதி
18 ஜனவரி 2026, காலை 9:47

சார், எனக்கு வயது 31, எனக்கே இப்படித்தான் இருக்கிறது. பெருந்தொற்றுக் காலம் இரண்டு வருஷம் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போல ஞாபகம் இருக்கிறது.

இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. 1877-இல் பால் ஜானே என்ற பிரெஞ்சுக்காரர் சொன்னது (உங்கள் இழைக்கென்றே வைத்த பெயர்). பத்து வயதுப் பையனுக்கு ஒரு வருஷம் என்பது அவன் வாழ்ந்ததில் பத்தில் ஒரு பங்கு. அறுபது வயதுக்காரருக்கு அறுபதில் ஒரு பங்கு. அதனால் சின்னதாகத் தெரிகிறது என்றார். கணக்கு அழகாக இருக்கிறது, எனக்கு முழுசாக ஒப்பவில்லை. அப்படியென்றால் உங்களுக்கு நாளும் சுருங்க வேண்டுமே, ஏன் நீள்கிறது?

எனக்குச் சரியாகப் படுவது ஞாபகம் சம்பந்தப்பட்ட விளக்கம். நடக்கும்போது நேரத்தை அளப்பது வேறு, நடந்து முடிந்த பிறகு அளப்பது வேறு. சும்மா உட்கார்ந்திருந்தால் கவனம் முழுக்க கடிகாரத்தின் மேல் இருக்கும், நாள் நீளும். ஆனால் அதில் ஞாபகம் வைக்க ஒன்றும் இல்லாததால், பின்னால் திரும்பிப் பார்த்தால் காலியாக இருக்கும், சுருங்கிவிடும். வயதானவர்களைக் கேட்டால் பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்ததைத்தான் அதிகம் சொல்வார்கள் என்று உளவியல்காரர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். முதல் வேலை, முதல் சம்பளம், கல்யாணம் எல்லாமே அதற்குள்தான் வருகிறது.

நான் இப்போது போனில் ஒரு செயலி வைத்து காலை நடை, தண்ணீர், படிப்பு எல்லாவற்றுக்கும் டிக் போடுகிறேன். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். இன்று 17-ஆவது நாள். நீங்களும் முயற்சி செய்யலாம்.


சும்மா_வந்தேன்
18 ஜனவரி 2026, காலை 10:05

பென்ஷன் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது, நேரம் போகவில்லையாம். கொடுத்து வைத்தவர்.


கொளத்தூர் அக்கா
18 ஜனவரி 2026, மதியம் 2:31

இப்போதுதான் அடுப்படியை விட்டு வந்தேன். முதலில் மேலே சொன்ன தம்பிக்கு: அவர் கேட்பது பணத்தைப் பற்றி இல்லை. வயிறு எரிந்தால் மோர் குடியுங்கள்.

பல்லாவரம் சார், உங்களுக்கு நாள் நகரவில்லை என்பதை நம்புகிறேன். உங்கள் வீட்டம்மாவுக்கு நகர்கிறதா என்று கேட்டீர்களா? நீங்கள் ரிடையர் ஆனதில் அவருக்கு வேலை ஒன்று கூடியிருக்கும், குறைந்திருக்காது. முன்பு எட்டு மணிக்கு வீடு காலியாகும். இப்போது பதினொரு மணிக்கு "ஒரு காபி கிடைக்குமா" என்று குரல் வரும். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது, அனுபவத்தில் சொல்கிறேன்.

எனக்கு வயது 57. என் நாளை நான் முடிவு செய்வதில்லை. தண்ணீர்தான் முடிவு செய்கிறது. 2019 கோடையில் லாரி எப்போது வரும் என்று தெரியாமல் தூங்காத ராத்திரிகள் உண்டு. இரண்டு மணிக்கு ஹார்ன் சத்தம் கேட்டால் தெருவே குடத்தோடு எழுந்து ஓடும். அந்த வருஷம் எனக்குச் சுருங்கவே இல்லை, ஒவ்வொரு நாளும் தனித்தனியாக ஞாபகம் இருக்கிறது. இப்போது மோட்டார், சம்ப், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நாள் மறந்துபோகிறது. மறந்துபோகிற நாள் வந்ததே எனக்குப் பெரிய நிம்மதி. அதனால் ஞாபகம் இல்லையே என்று ரொம்ப வருத்தப்படாதீர்கள்.

21 நாள் தம்பி, எங்கள் பக்கத்தில் எதற்கும் ஒரு மண்டலம், 48 நாள். பாட்டிகள் சும்மா சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. பால் கணக்கை அப்பா எழுதினார், சரி. பாலை வாங்கியது யார்? காய்ச்சியது யார்? அம்மா இருக்கிறாரா? அவரிடம் கேட்டீர்களா?


பழைய பல்லாவரம்
18 ஜனவரி 2026, மாலை 4:20

அம்மா இருக்கிறார் அக்கா. 85 வயது. இப்போது தம்பி வீட்டில், அம்பத்தூரில். காது கொஞ்சம் மந்தம், போனில் சரிப்படாது. நேரில் போகும்போது கேட்கிறேன்.

வீட்டம்மாவிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். "அந்த அம்மா நம்பர் வாங்கிக் கொடுங்க" என்கிறாள்.


நிழற்கடிகாரம்
18 ஜனவரி 2026, மாலை 6:44

சார், வாட்ச்சைக் கழற்றியதற்கு வருத்தப்படாதீர்கள். அது ஒரு நாளும் உங்களுக்குச் சென்னை நேரம் காட்டியதில்லை.

இந்திய நேரம் என்பது 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகை நேரம், உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் பக்கம் போகிற கோடு. சென்னை 80¼ பாகைக்குக் கொஞ்சம் தாண்டி இருக்கிறது. பூமி ஒரு பாகை சுற்ற 4 நிமிஷம் ஆவதால், நாம் சுமார் 9 நிமிஷம் பின்னால் இருக்கிறோம். 1906 ஜனவரி 1-க்கு முன்னால் இந்த ஊருக்கென்று மெட்ராஸ் நேரம் இருந்தது, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முன்னால். நாட்டின் ரயில்கள் அந்த நேரப்படி ஓடிய காலமும் உண்டு. அதைக் கணித்துக் கொடுத்த வானாய்வகம் நுங்கம்பாக்கத்தில் இருந்தது, 1792-இல் கட்டியது. கட்டடம் போய்விட்டது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுதிய கல்வெட்டோடு. அந்தத் தெருவில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள், ஊரின் கடிகாரம் உள்ளே நிற்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

அதோடு விஷயம் முடியவில்லை. சூரியனும் ஒழுங்காக வருவதில்லை. இன்று சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்தது 12 மணி 19 நிமிஷ வாக்கில். பிப்ரவரி நடுவில் அது 12:23 ஆகும். நவம்பர் முதல் வாரத்தில் 11:52-க்கே உச்சி வந்துவிடும். அரை மணி நேர ஊசலாட்டம். ஏப்ரல் 24 மதியம் 12:07-க்கு மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள், நிழல் இருக்காது. ஆகஸ்ட் 18-இலும் உச்சி வேளையில் அப்படித்தான். நான் ஒவ்வொரு வருஷமும் என் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் காட்டுவேன். அந்த ஒரு நிமிஷம் எந்த வருஷத்தில் நடந்தது என்று எனக்குக் குழம்பியதே இல்லை.


பஞ்சாங்கப் பிரியன்
18 ஜனவரி 2026, இரவு 7:15

நிழற்கடிகாரம் அண்ணா சொன்னதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. ராகு காலம். "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தோமே, திங்கள், சனி, வெள்ளி என்று வரிசையாக வரும். காலண்டரில் திங்களுக்கு 7:30-9. ஆனால் அது சூரியன் ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறைந்தால்தான் சரி. பகலை எட்டாகப் பிரித்து இரண்டாவது பங்கை எடுப்பதுதானே முறை? நாளை சென்னையில் உதயம் 6:36-க்கு ஒட்டி. அப்படி எண்ணினால் ராகு காலம் சுமார் 8:02-இல் தொடங்கி 9:28 வரை. 9:05-க்கு நல்ல நேரம் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் நடு ராகுவில் போகிறார்கள்.


சும்மா_வந்தேன்
18 ஜனவரி 2026, இரவு 7:22

அதனால்தான் சென்னையில் 9 மணிக்கு இவ்வளவு டிராஃபிக்கா?


மட்டுறுத்துநர்
18 ஜனவரி 2026, இரவு 7:40

ராகு காலம் உண்டா இல்லையா என்ற சண்டைக்குப் போன வருஷம் திறந்த இழை 61 பக்கத்தோடு இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே போங்கள். இங்கே பால் கணக்கு ஓடட்டும்.


லேபர் வார்டு
19 ஜனவரி 2026, அதிகாலை 3:38

டூட்டி இடைவேளை. இந்த 3-லிருந்து 5 வரைதான் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காது. உடல் சூடு மிகவும் குறைகிற நேரம். எத்தனை டீ குடித்தாலும் கண்ணுக்குப் பின்னால் மணல் கொட்டியது போல இருக்கும்.

நான் பிரசவ வார்டில் நர்ஸ். எந்த மருத்துவமனை என்று வேண்டாம். எங்கள் வார்டுச் சுவரில் உள்ள கடிகாரம் மூன்று நிமிஷம் முன்னால் ஓடும். எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது, ஆள் வரவில்லை. குழந்தை பிறந்ததும் வெளியே நிற்கிற தாத்தா முதலில் கேட்பது "ஆணா பொண்ணா", இரண்டாவது "நிமிஷம் சுத்தமா நேரம் சொல்லும்மா". ஒருமுறை ஒருவர் கேட்டார், தலை வெளியே வந்த நேரமா, கொடி அறுத்த நேரமா, எதைக் கணக்கில் எடுப்பது என்று. நாங்கள் எழுதுவது குழந்தை முழுசாக வெளியே வந்த நேரம். அந்த நேரத்தில் நாங்கள் பார்ப்பது அழுகிறதா, நிறம் மாறுகிறதா என்றுதான். அப்புறம்தான் யாராவது ஒருத்தி நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக் கத்துவாள்.

மேலே நீங்கள் 9 நிமிஷம், 4 நிமிஷம் என்றெல்லாம் எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. ஒரு பாகைக்கு 4 நிமிஷம் என்றால் எங்கள் கடிகாரத்தில் பிறந்த குழந்தைகள் எல்லாம் முக்கால் பாகை தள்ளிப் பிறந்தவர்கள். இப்போதெல்லாம் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

என்னுடைய நாள் எப்போது தொடங்குகிறது என்று எனக்கே தெரியாது. மாதத்தில் எட்டு ராத்திரி. காலை 8:30-க்கு பஸ்ஸில் ஊரெல்லாம் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வரும், நான் தூங்கி விழுந்துகொண்டு எதிர்ப்பக்கம் போவேன். ஆனால் பல்லாவரம் அப்பா, உங்களுக்கு நேர்ந்தது போல என் நாட்கள் ஒட்டிக்கொள்வதில்லை. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. டூட்டி முடிந்ததும் அன்று எத்தனை பிரசவம் என்று கைப்பையில் ஒரு குட்டி நோட்டில் எண் மட்டும் எழுதுவேன். 4, 2, 7. உங்கள் அப்பா மாதிரியேதான். சில நாள் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளி எதற்கு என்று யாரும் கேட்க வேண்டாம்.


ஓஎம்ஆர்_கைதி
19 ஜனவரி 2026, காலை 8:58

ஒரு திருத்தம். நேற்று 21 நாள் என்று எழுதினேன். ராத்திரி தேடிப் படித்தேன். அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து வந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகளுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்தார். அதில் "குறைந்தது" என்ற வார்த்தையை எல்லாரும் விழுங்கிவிட்டார்கள்.

லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்து 12 வாரம் பார்த்து, 2010-இல் வெளியிட்டிருக்கிறது. ஒரு பழக்கம் யோசிக்காமல் வருகிற அளவுக்கு ஊற ஆன நாள் ஏறக்குறைய 66. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18-லிருந்து 254 வரை. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் வரும், உடற்பயிற்சி இழுக்கும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடிமுழுகிவிடவில்லை என்பதும் அதில் உண்டு. அக்காவின் மண்டலம் என்னுடைய 21-ஐ விட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

செயலியை நேற்றோடு அழித்துவிட்டேன். நடை போனேன். டிக் போட இடம் இல்லாமல் கை அரித்தது.


காசிமேடு
19 ஜனவரி 2026, காலை 11:26

நான் விசைப்படகுத் தொழில். தங்கல் போனால் பத்து, பதினைந்து நாள் கடலில்தான். அங்கே கிழமை என்பதே கிடையாது. வலை இறக்கு, வலை ஏற்று, பிரி, ஐஸ் போடு, நாலு மணி நேரம் தூங்கு, மறுபடி. சாப்பாடுகூட வலையைப் பார்த்துத்தான். கரைக்கு வந்து ஏலம் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்து "இன்னிக்கு என்ன கிழமை" என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வருஷத்தை நாங்கள் தடையை வைத்து எண்ணுவோம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முன்பு 45 நாள்தான், 2017-இல் கூட்டினார்கள். அந்த 61 நாளில் பல்லாவரம் சார் சொல்கிற வியாதி எங்களுக்கும் வரும். வலை பின்னலாம், படகுக்குப் பெயின்ட் அடிக்கலாம், எஞ்சினைக் கழற்றலாம், பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து காற்றைப் பார்ப்போம். கச்சான் அடிக்கிறதா, கொண்டல் திரும்பிவிட்டதா என்று பேசியே ஒரு மத்தியானத்தை ஓட்டுவோம். அப்போது வீட்டில் எல்லாரும் நம்மை விருந்தாளி மாதிரி பார்ப்பார்கள். நம் பாய் எங்கே இருக்கிறது என்று நாமே கேட்க வேண்டும்.

என் மகள் நடக்க ஆரம்பித்ததை நான் பார்க்கவில்லை. போகும்போது தவழ்ந்தாள், வரும்போது வாசலில் நின்றாள். எந்தத் தேதி என்று தெரியாது, எந்தத் தங்கல் என்று தெரியும். அன்று நிறைய வஞ்சிரம்.


மூன்றாவது_முயற்சி
19 ஜனவரி 2026, மதியம் 1:02

அண்ணா நகரில் அறை எடுத்து அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். நூலகம், மெஸ், அறை. மூன்று வருஷம். கூடப் படித்தவர்களுக்குக் கல்யாணம், குழந்தை என்று வருஷம் போகிறது, எனக்கு ஒரே நாள்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஓஎம்ஆர் அண்ணா சொன்ன கணக்குப்படி பார்த்தால் பின்னால் எனக்கு இந்த மூன்று வருஷம் ஞாபகமே இருக்காது. அதுவும் நல்லதுதான்.

பல்லாவரம் சார், வேலையில் இருந்தபோது உங்களுக்கு அலுத்ததே இல்லையா? நாங்கள் உயிரைக் கொடுத்து முட்டுகிற கதவு அது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.


பழைய பல்லாவரம்
19 ஜனவரி 2026, மாலை 5:50

தம்பி, அலுத்தது. 1990 வாக்கில் ராஜினாமா கடிதம்கூட எழுதி வைத்தேன். மறுநாள் ஒரு விதவை அம்மா குடும்ப ஓய்வூதிய ஃபைலுக்காக வந்தார், முடிக்க நாலு மாதம் ஆயிற்று, கடிதத்தை மறந்துவிட்டேன். உள்ளே இருப்பது ஃபைல்தான். ஃபைலுக்குள் ஆள் இருப்பார். மெஸ் சாப்பாட்டோடு தினம் ஒரு வாழைப்பழம் சாப்பிடு. சீக்கிரம் வா, நான் காலி செய்த நாற்காலி ஒன்று இருக்கிறது.

லேபர் வார்டு மகளே, அந்தப் புள்ளியைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். 1994 மார்ச்சில் அப்பா போனார். நோட்டு அன்றோடு நிற்கவில்லை. அதற்கடுத்த 16 நாள் அம்மாவின் கையெழுத்து. எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதுவார். "பால் 7", "பால் 5", "பால் 5", "பால் 4" என்று குறைந்துகொண்டே வந்து, காரியத்தன்று "பால் 8". அதோடு வெறும் தாள். ஏன் எழுதினார், ஏன் நிறுத்தினார் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அவருடைய வேலையைத் தொட்டுக்கொண்டிருப்பது போல இருந்திருக்கும், 16-ஆம் நாளோடு மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது. நாளை அம்பத்தூர் போகிறேன்.


நிழற்கடிகாரம்
19 ஜனவரி 2026, இரவு 8:11

போகும்போது அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். ஆயிரம் பிறை என்பதற்கு 80 வருஷம் 10 மாதம் ஆகும் (ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்ததற்கு 29.53 நாள்). 85 என்றால் ஆயிரத்து ஐம்பதைத் தொட்டிருப்பார்.

நீங்கள் 1965 செப்டம்பர் என்றால் விசுவாவசு வருஷம். இப்போது நடப்பதும் விசுவாவசு. 60 வருஷச் சக்கரம் ஒரு சுற்று வந்து உங்கள் பிறந்த பெயருக்கே நின்றிருக்கிறது. வியாழன் ஐந்து சுற்று, சனி இரண்டு சுற்று, இரண்டும் ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பியிருக்கும்.


ஓஎம்ஆர்_கைதி
19 ஜனவரி 2026, இரவு 11:50

போன் கால் முடிந்தது. 1983 பால் மர்மத்துக்கு என் யூகம்: சாருக்கு அப்போது 17, 18 வயது. வளர்கிற பையன். அரை லிட்டர் எக்ஸ்ட்ரா அவருக்குத்தான்.


கொளத்தூர் அக்கா
20 ஜனவரி 2026, காலை 6:05

பெண் கல்யாணமாகிப் போன வீட்டில் பையனுக்கு அரை லிட்டர் கூட ஊற்றினார்களா? இருக்கலாம், நடக்காததில்லை. ஆனால் எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. சார் போய்விட்டு வரட்டும்.


பழைய பல்லாவரம்
20 ஜனவரி 2026, இரவு 9:33

போய் வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நோட்டைப் பார்த்ததும் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டார். முதலில் 16 நாள் விஷயத்தைக் கேட்டேன். நான் எழுதியிருந்த யோசனை எல்லாம் வீண். "பால்காரனுக்கு மாசக் கடைசியில கணக்கு சொல்லணும்ல. வந்தவங்க போனவங்கன்னு தினம் மாறிச்சு. எழுதலைன்னா ஏமாத்திருவான். அப்புறம் நீதான் ஆவின் கார்டு போட்டுட்டியே, எதுக்கு எழுதணும்?" அவ்வளவுதான். காரியத்துக்கு மறுநாள் கார்டு போட்டது நானேதான், எனக்கு மறந்தே போயிருந்தது.

அடுத்து 1983. ஜூன், ஜூலைப் பக்கத்தைக் காட்டினேன். அம்மா பால் வரியில் விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு நடை போனார். அந்த ஆள்காட்டி விரலில் நகம் பாதிதான் இருக்கும், அம்மிக்குழவி விழுந்து போனது. "இதெல்லாம் பொய்க் கணக்குடா" என்றார்.

அப்பா எழுதியது அவர் கொடுத்த காசுக்குக் கணக்கு. அம்மா 2 லிட்டருக்குக் காசு வாங்கி, மாட்டுக்காரரிடம் ஒன்றரை லிட்டர்தான் வாங்குவாராம். கொஞ்சம் தண்ணீர். மீதி சிறுவாடு. உளுந்து டின்னுக்கு அடியில் துணியில் முடிந்து வைத்திருப்பார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "உங்க பாட்டி இருந்தப்பவே." நான் ஆழ்ந்து ஆழ்ந்து படித்த பால் வரி, பாட்டி செத்த அன்றைய 6 லிட்டர் தவிர மற்ற எல்லாமே அரை லிட்டர் தள்ளி இருக்கிறது. (அந்த 6 லிட்டர் நிஜம் என்று சத்தியம் செய்தார்.)

வாட்ச் அந்த முடிச்சிலிருந்து வந்தது. அப்பா ஆபீஸ் சொசைட்டியில் கடன் போட விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறார். அம்மா அதை மடித்து வைத்துவிட்டுத் துணி முடிச்சை எடுத்து அவர் முன்னால் அவிழ்த்திருக்கிறார். அப்பா காசை எண்ணவில்லையாம். "எதுல?" என்று மட்டும் கேட்டாராம். "பாலுல" என்றாராம் அம்மா. தன் பையிலிருந்து போகாத காசு என்பதால்தான் அப்பா வாட்ச்சை நோட்டில் ஏற்றவில்லை.

அப்புறம் ஜூலை 1. அதை அம்மா மெதுவாகத்தான் சொன்னார். சம்பள நாள் ராத்திரி பால் காசு கொடுக்கும்போது அப்பா கூடவே கொஞ்சம் வைத்து, "இந்த மாசத்துலேர்ந்து இன்னும் அரை லிட்டர் கூட வாங்கிக்கோ" என்றாராம். வாங்கினாயா என்று அதற்கப்புறம் ஒரு நாளும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து நோட்டில் 2½. அவர் சாகிற வரைக்கும் அந்த அரை லிட்டரைத் தாங்கித்தான் கணக்கு போயிருக்கிறது.

வாட்ச்சை எடுத்துப் போயிருந்தேன், அம்மாவிடம் காட்ட. மூன்றரை மாதமாகச் சாவி கொடுக்காததால் 7:10-இல் நின்றிருந்தது. "சாயங்காலமா காலையா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.


லேபர் வார்டு
21 ஜனவரி 2026, அதிகாலை 4:02

படித்தேன் அப்பா. இன்று 5.


ஓஎம்ஆர்_கைதி
21 ஜனவரி 2026, காலை 9:15

அக்கா, உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, இல்லையா?


கொளத்தூர் அக்கா
21 ஜனவரி 2026, மதியம் 2:48

தெரியாமல் என்ன. அரை லிட்டரோடு நிறுத்திக்கொண்டாரே, சாரின் அம்மா ரொம்ப நல்லவர். என் வீட்டுக்காரரும் ரிடையர் ஆனதிலிருந்து பொழுது போகாமல் எதையாவது தேடிக்கொண்டே இருக்கிறார். பழைய மளிகைச் சிட்டையை எல்லாம் நேற்று ராத்திரியே எடைக்குப் போடக் கட்டி வைத்துவிட்டேன்.